உடவத்தகெலே: வேலி காத்த காடும் வேலிக்குள் வந்த ஆபத்தும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது இருந்து வாசியுங்கள்.

கண்டிக்குப் போய்வராத ஆள் நம் அக்குறணையில் இல்லை. ஆஸ்பத்திரி, கச்சேரி, பெருநாள் உடுப்பு, பிள்ளைகளின் டியூஷன் என்று எப்படியும் மாதத்தில் ஒரு தடவையாவது போகிறோம். வாவிக்கரையில் நின்று பார்த்தால் தலதா மாளிகைக்குப் பின்னால் ஒரு பச்சை மேடு எழுந்து நிற்கும். அதுதான் உடவத்தகெலே. 104 ஹெக்டயர், பழைய கணக்கில் 257 ஏக்கர். நகரம் நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்ட பிறகும் தப்பி நிற்கிற காடு. கொடிமலே என்கிற அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 635 மீற்றர். வாவியிலிருந்து பார்த்தால் 115 மீற்றர் உயரம்தான். மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதன் உள்ளே போயிருக்கிறோம்? வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி விமானம் ஏறி வந்து, நம்மைவிடப் பல மடங்கு கூடிய கட்டணத்துக்கு டிக்கட் எடுத்துப் பார்க்கிற காடு, பத்துக் கிலோமீற்றர் சொச்சத்தில் இருக்கும் நமக்கு வெறும் பின்னணிப் படம்.

வகுப்பில் இந்தக் காட்டைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். "காடு தானாகத்தானே வளரும் சேர், அதை ஏன் ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான். பெரியவர்களாகிய நாமும் மனதுக்குள் அப்படித்தான் நினைக்கிறோம். மரத்தை வெட்டாமல் விட்டால் போதும், காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று. நடுக் காட்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம். நகரத்துக்குள் மாட்டிக்கொண்ட காட்டுக்குப் பொருந்தாது. உடவத்தகெலேயின் இருநூறு வருடக் கதை அதற்குச் சாட்சி.

பெயரிலிருந்தே தொடங்குவோம். சிங்களத்தில் உட என்றால் மேலே, வத்த என்றால் தோட்டம், கெலே என்றால் காடு. அரச மாளிகைக்கு மேலே இருந்த தோட்டம் என்பதால் 'உட வாசல வத்த' என்ற பெயரும் பழைய காலத்தில் இருந்தது. கண்டிக்குச் செங்கடகல என்று ஒரு பெயர் உண்டல்லவா, அந்தப் பெயருக்குக் காரணமான செங்கண்ட என்ற பிராமணர் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் குகையும் இந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது.

கண்டி மன்னர்கள் காலத்தில் இது 'தஹன்சி கெலே', அதாவது தடைசெய்யப்பட்ட காடு. சாதாரண குடிமகன் உள்ளே போக முடியாது. காட்டுக்குள் இருக்கும் குளத்தில் அரச குடும்பத்தினர் குளித்தார்கள் என்பார்கள். அந்தக் குளத்தின் அடியில் பொற்காசுகள் இருப்பதாகவும், சிவந்த கண்களுடைய பாம்பொன்று அதற்குக் காவல் என்றும் கதை இருக்கிறது. இந்தக் கதையை நாம் சும்மா தள்ளிவிடக் கூடாது என்றுதான் தோன்றுகிறது. எழுத்தில் இருக்கும் சட்டத்தைவிட பாம்புக் கதை நன்றாகக் காவல் செய்த காலம் அது.

கண்டி இராச்சியத்துக்குக் காடு என்பது அழகு பார்க்கும் பொருள் அல்ல, கோட்டை மதில். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பல தடவை படையெடுத்தும் மலைநாட்டை நிரந்தரமாகப் பிடிக்க முடியாமல் போனதில் காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கணவாய்களில் முட்கதவு போட்டுக் காவல் வைத்தார்கள். இன்றும் கடவத்தை என்று முடியும் ஊர்ப் பெயர்களில் அந்தக் காவல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் முன்னோர்களில் பலர் 'மடிகே' என்ற போக்குவரத்துப் பிரிவில் பணிசெய்தவர்கள். கரையோரத்திலிருந்து உப்பையும் கருவாட்டையும் தவளம் மாடுகளில் ஏற்றி வந்தவர்களும், இங்கிருந்து பாக்கைக் கொண்டுபோனவர்களும் இந்த முட்கதவுகளைத் தாண்டித்தான் வந்துபோனார்கள். காடும் வேலியும் எங்கே இருக்கின்றன, யாருக்குத் திறக்கும் என்பது நம் பாட்டன்மாருக்குத் தொழில் அறிவாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. ஒதுக்கி வைக்கப்பட்ட நிலம் என்ற யோசனை நமக்குப் புதியதல்ல. ஹிமா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அறபு நாட்டில் மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிக் காக்கும் பழைய வழக்கம். இஸ்லாத்துக்கு முன்னர் பலம் உள்ள தலைவன் தன் கால்நடைக்காக வளைத்துப் போட்டது. நபியவர்கள் அதைத் தனிமனிதர் கையிலிருந்து எடுத்துப் பொதுத் தேவைக்கு என்று மாற்றினார்கள். உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனை என்பவரை நியமித்தபோது சொன்ன அறிவுரை புகாரியில் பதிவாகி இருக்கிறது. சாரம் இதுதான்: கொஞ்ச ஒட்டகமும் கொஞ்ச ஆடும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற வசதி உள்ளவர்களின் மந்தையை விடாதே, அவர்களுக்குப் பிழைக்க வேறு வழி உண்டு. ஒரு நிலத்தைக் காப்பது என்றால் வேலி போடுவது மட்டுமல்ல, யாரை எதற்காக உள்ளே விடுவது என்பதையும் ஒருவர் பொறுப்பாக இருந்து முடிவு செய்வது. இன்று இதற்கு 'முகாமைத்துவம்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, கண்டிக்குத் திரும்புவோம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டார். வாவியை வெட்டி முடித்துச் சில வருடங்கள்கூட அவர் அதை அனுபவிக்கவில்லை. அரசன் போன பிறகு அவனுடைய காடு அடுத்த அரசின் கைக்கு மாறியது. ஆங்கிலேய ஆளுநர் தனக்குக் கண்டியில் ஒரு மாளிகை கட்டினார். அது உடவத்தகெலேயின் ஓரத்தில்தான் அமைந்தது. இன்றைக்கு ஜனாதிபதி மாளிகையாக இருப்பது அதுதான்.

பிறகு வந்தது கோப்பி. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டதிலிருந்து மலைநாட்டின் தோற்றம் மாறத் தொடங்கியது. 1840இல் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதியைக் காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்குச் சொந்தம் என்று ஆயிற்று. ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக விறகும் தேனும் எடுத்த காடுகள் அரசு கையில் போய், அங்கிருந்து தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. கண்டியைச் சுற்றி இருந்த மலைச்சரிவுகள் ஒவ்வொன்றாக மொட்டையாயின. அந்தக் கோப்பியையும் 1869இல் தொடங்கிய இலை நோய் அடித்துக்கொண்டு போனது. பிறகு தேயிலை வந்தது. காடு திரும்பி வரவில்லை.

இந்தக் கோப்பிப் பைத்தியம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், 1856இல், உடவத்தகெலே ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள மலையெல்லாம் விலைபோகும்போது இது மட்டும் ஏன் தப்பியது? எம் கணிப்பு சாதாரணமானது. அது ஆளுநரின் கொல்லைப்புறம். அவருடைய குடும்பம் காலையில் காற்று வாங்கப் போகும் இடம். காட்டுப் பாதைகளின் பெயர்களே இதைச் சொல்லும்: லேடி ஹோட்டன், லேடி டொரிங்டன், லேடி மெக்கார்த்தி, லேடி கோர்டன். எல்லோரும் ஆளுநர்மாரின் மனைவிமார். ஹோட்டன் சீமாட்டியைப் பற்றி ஓர் உபரித் தகவல். 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் மனைவி அவர். ஆங்கிலக் கவிஞர் பைரன், கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர். கறுப்பு உடையில் அவரை ஒரு விருந்தில் பார்த்துவிட்டுத்தான் பைரன் தன்னுடைய புகழ்பெற்ற அழகுக் கவிதையை எழுதினார் என்பது இலக்கியக்காரர்களுக்குத் தெரிந்த செய்தி. உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளே, அந்தக் கவிதையின் நாயகி நடந்த பாதை பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது.

டொரிங்டன் பெயரைப் பார்க்கும்போது மட்டும் மனம் வேறு பக்கம் போகிறது. 1848இல் வரிகளை எதிர்த்து மாத்தளையிலும் கண்டியிலும் மக்கள் எழுந்தபோது இராணுவச் சட்டம் போட்டு அடக்கியவர் டொரிங்டன் பிரபு. புரன் அப்புவைக் கண்டியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கடுமைக்காகவே பிறகு பிரபு பதவியிழந்து திரும்ப வேண்டியதாயிற்று. மனைவியின் பெயர் மட்டும் நிழல் பாதை ஒன்றில் குளிர்ச்சியாக இருந்துவருகிறது.

ஆக, மன்னன் காலத்திலும் சரி, வெள்ளைக்காரன் காலத்திலும் சரி, இந்தக் காட்டைக் காத்தது இயற்கைப் பாசம் அல்ல. அதிகாரம் உள்ள ஒருவருக்கு அந்தக் காடு தேவைப்பட்டது, அவர் ஓர் எல்லையைப் போட்டு ஆள் வைத்துக் காத்தார். கேட்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஆனால் வரலாற்றைச் சொல்லும்போது இனிப்புத் தடவத் தேவையில்லை.

காடழிந்தால் ஆறும் மழையும் என்னாகும் என்ற பயம் ஆங்கிலேயருக்குப் பிந்தித்தான் வந்தது. 1873இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹூக்கர் எச்சரித்ததைத் தொடர்ந்து 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. 1885இல் வனச் சட்டம், 1887இல் வனத் திணைக்களம். ஐயாயிரம் அடிக்குக் கீழே இருந்த நம் பக்கத்து மலைகளுக்கு அதனால் ஆன பயன் குறைவு.

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

வேலி போட்டுக் காத்த காலத்திலேயே இன்னொரு வேலையும் நடந்தது. பேராதனைத் தோட்டம் 1821இல் தொடங்கியதிலிருந்து உலகத்தின் எந்த மூலையில் எந்த மரம் பணம் தந்தாலும் அதை இங்கே கொண்டுவந்து வளர்த்துப் பார்க்கும் காலம் பிறந்தது. 1861இல் ஹக்கலையில் சிங்கோனா. 1876இல் ஹெனரத்கொடவில் றப்பர். அவற்றால் நாடு நிறையவே சம்பாதித்தது, அதை மறுக்க முடியாது. இதே நம்பிக்கையோடு வெளிநாட்டு மரங்கள் காட்டுக்குள்ளும் போயின. சும்மா கிடக்கும் காட்டை விலையுள்ள மரங்களால் 'மேம்படுத்த' வேண்டும் என்பது அன்றைய அறிவு. மஹோகனி அப்படி வந்தது. பனாமா றப்பர் வந்தது. பெரு பால்சம் என்கிற மரமும் வந்தது.

பெரு பால்சத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் அதன் சொந்த இடம். அதன் பிசினுக்கு நல்ல வாசம், இருமல் மருந்திலும் சேர்ப்பார்கள். உயரமான, நேராக எழும், கம்பீரமான மரம். தெரியாதவர் பார்த்தால் "அல்லாஹ்வுடைய படைப்பு எவ்வளவு அழகு" என்று நின்றுவிடுவார். தன் சொந்தக் காட்டில் அது நல்ல மரம்தான். இங்கே அதற்கு இருக்கும் பலம் இரண்டு. காயின் ஒரு நுனியில் ஒரு விதை, மறு பக்கம் நீண்ட இறக்கை. காற்றடித்தால் சுழன்று சுழன்று தூரம் போய் விழும். பறவையும் தேவையில்லை, வௌவாலும் தேவையில்லை. மற்றது, மற்ற மரங்களின் நாற்றுகள் வெளிச்சம் போதாமல் வாடும் இடத்திலும் அதன் நாற்று பிழைத்திருக்கும். பெரிய மரம் ஒன்று விழுந்து வெளிச்சம் திறந்ததும் ஏற்கெனவே காத்து நிற்கும் பால்சம் நாற்றுகள்தான் எழும்பும். ஒரு மரத்தின் கீழே பாய் விரித்த மாதிரி நாற்று. அதற்குள் உள்ளூர் மரத்தின் கன்று ஒன்றைத் தேடிப் பிடிக்கவே கஷ்டம்.

அதாவது வெளியே இருந்து பார்க்கிறவனுக்குக் காடு பச்சையாகத்தான் இருக்கும். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் பார்க்கும்போதும் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு காடு. கித்துள் இருந்த இடத்தில் பால்சம் நிற்கும். உள்ளூர்ப் பழத்தை நம்பிப் பிழைக்கிற பறவைக்கு அங்கே சோறு இல்லை.

1937இல் தாவர, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1938இல் உடவத்தகெலே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். தேவாங்கு, முள்ளம்பன்றி, கேளையாடு, குரங்குக் கூட்டம் போல மரத்துக்கு மரம் தாவித் திரியும் அணில் வகைகள் என்று ஒரு நகரத்தின் மடியில் இவ்வளவும் இருப்பது சாதாரணம் அல்ல. சுமார் எண்பது வகைப் பறவைகளை அங்கே பார்க்கலாம். வேட்டைக்காரனிடமிருந்தும் விறகு வெட்டுகிறவனிடமிருந்தும் சட்டம் இவற்றைக் காத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஆபத்து என்றால் கத்தியோடு வெளியிலிருந்து வருகிற மனிதன்தான். உள்ளேயே முளைத்து வரும் மரத்தை அது ஆபத்தாகப் பார்க்கவில்லை. சரணாலயம் என்றான பிறகு அந்த மரத்திலும் கைவைக்க யோசிக்க வேண்டியதாயிற்று!

போதாததற்கு இரட்டைப் பொறுப்பு. ஒதுக்குக் காடு என்ற வகையில் வனத் திணைக்களம், சரணாலயம் என்ற வகையில் வனஜீவராசிகள் திணைக்களம். நம் நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் பொறுப்பு என்றால் கூரை ஒழுகுவதை யார் பார்ப்பது என்பது நமக்குத் தெரிந்ததே.

2013இல் 'லோரிஸ்' சஞ்சிகையில் இந்தக் காட்டைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இந்தக் காட்டு ஆசிரமம் ஒன்றில் வாழும் வெளிநாட்டுப் பிக்கு ஒருவரும் இன்னொருவரும் சேர்ந்து எழுதியது. சரணாலயம் உள்ளிருந்தே அழிகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன செய்தி. காட்டுக்குள் பௌத்த ஆசிரமங்கள் சில இருக்கின்றன. ஜெர்மனியில் பிறந்த ஞானபோணிக தேரர் 1952இலிருந்து 1994இல் காலமாகும் வரை அங்கேதான் இருந்தார். திணைக்கள அதிகாரி மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போவார். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நடந்து திரிகிறவனுடைய கண்ணுக்குத்தான் எந்த நாற்று கூடுகிறது, எது குறைகிறது என்பது தெரியும். மார்க்கம் வேறாக இருந்தாலும் அந்தப் பொறுமைக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும்.

மரத்தைப் பற்றிப் பேசினோம், தரையில் படரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மணி பிளான்ட். ஆம், உங்கள் வீட்டு வரவேற்பறையில் போத்தலில் வைத்திருக்கும் அதே கொடிதான். பசிபிக் தீவு ஒன்றின் சொந்தக்காரி. போத்தலில் இருக்கும்போது இலை உள்ளங்கை அளவு. காட்டுக்குள் மரத்தில் ஏறிவிட்டால் இலை சுளகு மாதிரி விரியும், தரையையும் மூடும், அடிமரத்தையும் மூடும். அதன் கீழே எதுவும் முளைக்காது. இது காட்டுக்குள் எப்படிப் போகிறது? யாரும் நட்டு வளர்க்க வேண்டியதில்லை. வேலியோரத்து வீட்டார் தோட்டக் கழிவைக் கூட்டி அந்தப் பக்கம் கொட்டினால் போதும். ஒரு துண்டுத் தண்டு போதும். குப்பையைக் கொட்டுகிறவன் தான் காட்டை அழிப்பதாக நினைப்பதே இல்லை. "செடி கொடிதானே, உக்கிப் போகும்" என்கிறான்.

அப்படியானால் என்ன செய்வது? இதில்தான் நகரத்துக் காட்டின் கஷ்டம் இருக்கிறது. பால்சம் நாற்றுகளைச் சின்னதிலேயே கையால் பிடுங்கலாம், அது சுலபம், ஆனால் வருடா வருடம் செய்ய வேண்டும். ஒரு வருடம் விட்டால் மறு வருடம் இரட்டிப்பு. பெரிய மரங்களை ஒரேயடியாக வெட்டிச் சாய்த்தால் கூரை திறந்துவிடும், வெயில் கொட்டும், அந்த வெளிச்சத்தில் முதலில் எழும்புவதும் களையும் கொடியும்தான். ஆகவே அடிமரத்தில் சுற்றிவரப் பட்டையை உரித்து, நின்ற நிலையிலேயே மெதுவாகச் சாகவிட்டு, அதற்கிடையில் கீழே உள்ளூர்க் கன்றுகளை நட்டு வளர்த்தெடுக்க வேண்டும். பகுதி பகுதியாக, இருபது முப்பது வருடத் திட்டமாக. ஒரு தேர்தல் காலத்துக்குள் முடிகிற வேலை அல்ல.

இதைவிடப் பெரிய தடை நாம்தான். சரணாலயத்துக்குள் திணைக்களம் ஒரு மரத்தில் கத்தி வைத்தால் அன்று மாலையே படம் முகநூலில் ஏறும். "காட்டை அழிக்கிறார்கள்" என்று நூறு பகிர்வு, ஆயிரம் கோப முகம். அது என்ன மரம், ஏன் வெட்டுகிறார்கள் என்று கேட்பவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. மஹோகனி விலை நமக்குத் தெரியும், 'பராமரிப்பு' என்ற பெயரில் நல்ல பலகை லொறி ஏறிய கதைகளும் நாட்டில் இல்லாமல் இல்லை. அதனால்தான் எந்த மரம், எத்தனை, எந்த இடம் என்று முன்கூட்டியே எழுதி ஊருக்குக் காட்டிவிட்டு வெட்ட வேண்டும். பதிவேடு இல்லாத இடத்தில் திருடனும் பராமரிப்பவனும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

பதிவேட்டைப் பற்றிச் சொல்லும்போது கொழும்பில் நடந்ததும் ஞாபகம் வருகிறது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் மழைநாளில் ஓடிக்கொண்டிருந்த இ.போ.ச. பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் மௌத்தானார்கள். தெருவோர மரத்துக்கும் வயது உண்டு, வேருக்கு இடம் வேண்டும், உள்ளே உக்கினால் யாராவது தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்க ஆள் இல்லாவிட்டால் மரமும் போகும், மனிதனும் போவான். அதற்குப் பிறகு பயத்தில் நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டச் சொல்லுவோம்.

கண்டியிலேயே இதற்கு எதிர்மாதிரியான கதை ஒன்றும் இருக்கிறது. நகரத்தின் தெற்குப் பக்கம், ஹந்தானை அடிவாரத்தில் துனுமடலாவ. வோக்கர் தோட்டம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சுமார் 480 ஹெக்டயர், உடவத்தகெலேயைவிட நான்கு மடங்குக்கும் மேல். இது மன்னனின் காடு அல்ல, தோட்டமாக இருந்த இடம். தேயிலையும் கொக்கோவும் வளர்ந்தன. அங்கே இருக்கும் இரண்டு நீர்த்தேக்கங்களிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்ததால் மாநகர சபை அந்தக் காணியை வைத்துக்கொண்டு காடு திரும்ப விட்டது. தேயிலைச் செடிகள் மரமாகி, அவற்றுக்கு மேலே காடு ஏறி நிற்பதைப் பார்க்கலாம். அழிந்த காட்டை ஒரு நகரம் தன் தண்ணீருக்காகத் திரும்பப் பெற்றது. எம் பார்வையில் இது உடவத்தகெலேயைவிடச் சொல்லத்தக்க கதை. ஏனென்றால் இங்கே மன்னனும் இல்லை, சீமாட்டியும் இல்லை. தாகம் எடுத்த நகரவாசி இருந்தான், அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய சபை இருந்தது.

அதே ஹந்தானையின் மறுபக்கச் சரிவுகளில் பைனஸ் நட்டார்கள். வெறும் புல்வெளியாகக் கிடந்த இடத்தில் அது சீக்கிரம் வளர்ந்தது உண்மை. ஆனால் வரட்சி வந்தால் அந்தக் காய்ந்த ஊசியிலை மெத்தையில் நெருப்புப் பிடிப்பதும் வழக்கமாகிவிட்டது. சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பைனஸ் வரிசைகள் சிலவற்றை வெட்டி, வெளிச்சம் விட்டு, இடையில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். நன்றாக வளர்ந்தன. வந்த மரத்தையே குடையாக வைத்துச் சொந்த மரத்தை வளர்த்தெடுக்கலாம் என்று நம் நாட்டிலேயே நிரூபித்திருக்கிறார்கள். அறிவு இல்லாமல் நாம் நிற்கவில்லை. வருடா வருடம் விடாமல் செய்ய ஆளும் காசும் ஒதுக்காமல்தான் நிற்கிறோம்.

கடைசியாக நம் ஊர். பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுன் முங்குவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. மழை இருட்டினால் கடைக்காரர்கள் சாமானை மேல்மாடிக்கு ஏற்றுகிறோம், தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவுகிறோம், அடுத்த மழைக்குக் காத்திருக்கிறோம். ஆற்றின் இரு கரையிலும் இருந்த மூங்கிலும் கும்புக்கும் எங்கே போயின, அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்பதை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மேலே மலையில் வீடும் கொங்கிரீட்டும் ஏற ஏற, முன்னர் மண்ணுக்குள் இறங்கிய மழை இப்போது நேரே ஓயாவுக்கு ஓடி வருகிறது. கண்டிக்கு ஒரு உடவத்தகெலேயும் ஒரு துனுமடலாவவும் இருக்கின்றன. நமக்கு ஆற்றங்கரையில் பத்தடி அகலத்துக்கு ஒரு மரவரிசைகூட இல்லை.

இதை எழுதக் காரணம், அடுத்த தவணையில் தரம் 9 பிள்ளைகளை உடவத்தகெலேக்குக் கூட்டிப்போகலாம் என்று ஆசிரியர்கள் நாங்கள் பேசிக்கொண்டிருப்பதுதான். சில பெற்றோர் "காட்டைப் பார்க்க என்ன இருக்கிறது, நுவரெலியா போகலாமே" என்கிறார்கள். நுவரெலியாவுக்கு எப்போதும் போகலாம். வர விரும்பும் பெற்றோரும் சேர்ந்து வரலாம். வாசலுக்கு அருகே மரத்துக்கு மரம் பாலம் போட்டு நிற்கும் இராட்சதக் கொடியைப் பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதன் பிறகு தலையைக் குனிந்து தரையைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரே மாதிரி இலையோடு கூட்டமாக நிற்கும் நாற்றுகளை எண்ணச் சொல்லுங்கள், அவற்றுக்கிடையில் வேறு இலை உள்ள கன்று எத்தனை என்றும் எண்ணச் சொல்லுங்கள். அட்டை கடிக்கும், உப்பும் சவர்க்காரமும் கொண்டுவாருங்கள். குரங்குக்கு எதுவும் போடவேண்டாம். சொப்பிங் பேக் ஒன்றைக்கூட உள்ளே விட்டுவரக் கூடாது. வருபவர்கள் பெயரைப் பாடசாலை அலுவலகத்தில் கொடுங்கள். பஸ் ஒன்றா இரண்டா என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.